ஆடும் தோட்டமும் ஒரே கொல்லையில்: எத்தனை உருப்படி தாங்கும்?

கேள்வி: வீட்டைச் சுற்றி 4,000 சதுர அடி இடம் இருக்கிறது. அதில் 1,000 சதுர அடி காய்கறித் தோட்டம். இரண்டு பெட்டை வெள்ளாடுகள், ஒரு கிடா, இரண்டு மாதக் குட்டிகள் இரண்டு வளர்க்கிறோம். பெட்டைகளில் ஒன்று சினை, இன்னும் ஆறு வாரத்தில் ஈனும். ஆடுகள் வேலியைத் தாண்டி மூன்று முறை தோட்டத்தை மேய்ந்துவிட்டன. பால் கறக்கும் ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை போலத் தொங்குகிறது. குட்டிகளுக்குக் கழிச்சல், குடற்புழு மருந்து இரண்டு தடவை கொடுத்தும் நிற்கவில்லை. கொட்டகைக் கூளத்தை அப்படியே பாத்தியில் போட்டதில் கீரை நாற்று கருகிவிட்டது. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். யார் தழை அறுப்பது, யார் தண்ணீர் வைப்பது என்று தினமும் வீட்டில் சண்டை. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஆட்டுப்பால்தான் நல்லது என்கிறார் மாமியார். ஆட்டை விடுவதா, தோட்டத்தை விடுவதா?

கால்நடை மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டையும் விட வேண்டாம். கிடாவை விற்றுவிடுங்கள். குட்டிகள் தேறியதும் அவற்றையும் விற்றுவிடுங்கள். இரண்டு பெட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன், தள்ளிப்போடாமல் இன்றே கவனிக்க வேண்டியவை மூன்று: தாடை வீங்கிய ஆடு, கழியும் குட்டிகள், நீங்கள்.

தாடை வீங்கிய ஆட்டை வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை மெல்ல இழுத்து உள்சவ்வின் நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாகவோ அடர்ந்த இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும். வெளுத்துக் காகிதம் போல் இருந்தால் கடுமையான இரத்தசோகை. வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து சற்று நேரம் அப்படியே இருக்கிறதா, மாலையில் பெரிதாகவும் காலையில் சிறிதாகவும் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் அது நீர் கோத்த வீக்கம். இரைப்பையின் நான்காம் அறையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் என்ற உருண்டைப் புழுதான் பெரும்பாலும் காரணம். இரத்தத்தோடு புரதமும் வெளியேறிவிடுவதால், நாளங்களில் நிற்க வேண்டிய நீர் கசிந்து, தலை தாழ்ந்திருக்கும் நேரமெல்லாம் தாடைக்கு இறங்குகிறது. இந்தப் புழு கழிச்சலை உண்டாக்குவதில்லை. புழுக்கை கெட்டியாக இருக்கும்போதே ஆடு செத்துவிடும் என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஈன்று பால் கொடுக்கும் ஆட்டில் புழுவை எதிர்க்கும் திறன் குறைந்திருக்கும். உங்கள் ஆட்டுக்கு வந்திருப்பதும் அந்தக் கட்டத்தில்தான்.

வீக்கம் கெட்டியாக, ஒரு பக்கமாக, காதுக்கடியில் இருந்தால் அது வேறு. சீழ்க்கட்டியாக இருக்கலாம். அதைக் கீறிவிடாதீர்கள். அந்தச் சீழ் மண்ணில் விழுந்தால் மற்ற ஆடுகளுக்கும் பரவும்.

மருந்து கொடுக்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, எடை. தராசு வேண்டாம், அளவுநாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் ஏறத்தாழ எடை கிடைக்கும். சுற்றளவு 28, நீளம் 26 என்றால் 31 கிலோ. கண்ணால் மதித்துக் குறைவாக மருந்து ஊற்றுவதுதான் புழு மருந்துக்குப் பழகிப்போவதற்கு முக்கியக் காரணம். இரண்டாவது, புதுப் புழுக்கை பத்துப் பதினைந்து எண்ணிக்கை எடுத்து, சுத்தமான டப்பாவில் போட்டு, வெயில் படாமல் அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்தப் புழு, எவ்வளவு முட்டை என்பது தெரிந்தபின் மருந்தும் அளவும் மருத்துவர் சொல்லட்டும். மாட்டுக்கோ செம்மறிக்கோ எழுதியிருக்கும் அளவு வெள்ளாட்டுக்குப் பொருந்தாது. வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளை வேகமாக வெளியேற்றிவிடும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை வீட்டில் பயன்படுத்தக்கூடாது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வையுங்கள். இமை வெளுத்துப்போய், ஆடு எழுந்து நிற்கத் தள்ளாடினால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை எல்லாவற்றின் இமையையும் பாருங்கள். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து போதும். மருந்து கொடுத்த பத்துப் பதினான்கு நாளில் மறுபடி புழுக்கையைச் சோதித்து, முட்டை எண்ணிக்கை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் அந்த மருந்து உங்கள் பட்டியில் இனி வேலை செய்யாது என்று பொருள்.

குட்டிகளின் கதை வேறு. மூன்று வாரத்திலிருந்து ஐந்து மாதம் வரையுள்ள குட்டி கழிந்து, குடற்புழு மருந்துக்கும் நிற்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காக்சிடியா. அது புழு அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிரி. குடற்புழு மருந்து அதைத் தொடாது. எத்தனை முறை கொடுத்தாலும் பயன் இல்லாமல் போவது இதனால்தான். கழிச்சலில் சளியோ இரத்தமோ கலந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆம்ப்ரோலியம் அல்லது சல்பா வகை மருந்தை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார். அதுவரை உடல் நீர் வற்றாமல் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. உப்பு-சர்க்கரைக் கரைசலை வேளைக்கு 100 முதல் 150 மில்லி, நாளைக்கு நான்கைந்து முறை, தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுங்கள். தலையை நிமிர்த்தி ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேல் போகாமல் பிடித்து, கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். கழிச்சலோடு காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்க்குள் புண் எல்லாம் சேர்ந்து வந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

காக்சிடியா எங்கிருந்து வருகிறது? ஈரமான கூளம், தரையில் வைத்த தீவனம், புழுக்கை விழுந்த தண்ணீர்த் தொட்டி. தீவனத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, கூளத்தை உலர வைத்தால் பாதி வைத்தியம் முடிந்தது. கழியும் குட்டிகளை உங்கள் பிள்ளைகள் இப்போது தொடவே கூடாது. குட்டிகளின் கழிச்சலில் மனிதருக்கு, அதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளும் இருக்கலாம். நான்கு வயதுப் பிள்ளை குட்டியைக் கட்டிப்பிடித்து முத்தமிடுவது எவ்வளவு இயல்போ அவ்வளவு ஆபத்து.

இனி உங்களைப் பற்றி. ஆறு வாரத்தில் நடக்கப்போகும் ஈற்றில் நீங்கள் பங்கெடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. டாக்சோபிளாஸ்மா, லிஸ்டீரியா, கிளமிடியா, கியூ காய்ச்சல் கிருமி ஆகியவை ஈனும் ஆட்டின் பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருந்து கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருச்சிதைவு வரை போகக்கூடும். ஆடு பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தாலும் இது நடக்கலாம். கியூ காய்ச்சல் கிருமி காய்ந்த கூளத் தூசியில் கலந்து மூச்சு வழியாகவும் போகும். ஆகவே ஈற்றைப் பார்க்கப் போவதும், ஈரக் குட்டியைத் தொடுவதும், கொட்டகையைக் கூட்டுவதும், ஈற்றுக்குப் போனவர் உடுத்திய துணியைத் துவைப்பதும் உங்களுக்கு வேண்டாம். ஈன்ற ஆட்டிடமிருந்து, ஈன்றபின் வடியும் அழுக்கு நிற்கும் வரை விலகியே இருங்கள். தோட்ட வேலை செய்யலாம், ஆனால் கையுறையோடு. மண்ணில் பூனை எச்சம் இருக்கலாம், டாக்சோபிளாஸ்மா அதன் வழியாகவும் தொற்றும். காய்ச்சல் வந்தால், வீட்டில் ஆடு இருப்பதை உங்கள் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஈற்று உங்கள் கணவர் பொறுப்பு. கையுறை, அதற்கென்று ஓர் உடை, அயோடின் கரைசல், பழைய துணிகள் இவற்றை இப்போதே ஒரு வாளியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சினை ஏறத்தாழ 150 நாள். ஆடு பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் எதுவும் வெளியே தெரியாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும், கையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள்கொடியை அயோடினில் தோய்த்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். இரண்டு கிலோ குட்டி முதல் 24 மணி நேரத்தில் 200 மில்லி சீம்பாலாவது குடித்திருக்க வேண்டும், அதில் பாதி முதல் ஆறு மணி நேரத்துக்குள். அதன்பின் நோய் எதிர்ப்புப் பொருளை உறிஞ்சும் குடலின் திறன் மணிக்கு மணி குறையும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழாவிட்டால் இழுக்காதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும். விழுந்ததை மூன்றடிக்குக் குறையாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். எருக்குவியலில் போடக்கூடாது. ஈற்றுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் பாதுகாப்பு போகும். உங்கள் ஆட்டுக்கு அதற்கான காலம் இப்போது நெருங்கிவிட்டது.

எண்ணிக்கைக் கணக்கு

முப்பது கிலோ பெட்டை ஒன்றுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் நான்கு சதவீதம் உலர்பொருள் (ஈரம் நீங்கலான தீவன எடை) தேவை, அதாவது 1.2 கிலோ. அதை மூன்றரைக் கிலோ பசுந்தழை, 300 கிராம் உலர்தீவனம், 200 கிராம் அடர்தீவனம் என்று பிரித்துக் கொடுக்கலாம். பால் கறக்கும்போதும் சினையின் கடைசி ஆறு வாரத்திலும் அடர்தீவனத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இப்போது உங்களிடம் பெட்டைகளுக்கு ஏழு கிலோ, கிடாவுக்கு நான்கு, குட்டிகளுக்கு இரண்டரை முதல் மூன்று என, தினம் 14 கிலோ தழை வேண்டும்.

உங்கள் நிலம் எவ்வளவு தரும் என்பதை யாரையும் கேட்க வேண்டியதில்லை. நன்கு வளர்ந்த தீவனப் பாத்தியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடுங்கள். இரண்டு கிலோ வருகிறது, மறுபடி அறுக்க 45 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோவை 45 நாளால் பெருக்கினால் 630 கிலோ. அதற்கு 315 சதுர மீட்டர், அதாவது 3,400 சதுர அடி தீவனப் பயிரே வேண்டும். தோட்டம் 1,000, கொட்டகையும் முற்றமும் 400, நடைபாதை, எருக்குவியல் எல்லாம் போக உங்களிடம் மிஞ்சுவது 2,000 சதுர அடி இருந்தால் அதிகம். இரண்டு பெட்டைகள் மட்டும் என்றால் நாளைக்கு ஏழு கிலோ, தேவை 158 சதுர மீட்டர், 1,700 சதுர அடி. சரியாகப் பொருந்துகிறது. குறைந்தபட்சம் இரண்டு என்பதும் அவசியம். வெள்ளாடு கூட்டமாக வாழும் பிராணி. தனியாக விட்டால் ஓயாமல் கத்தும், சரியாகத் தின்னாது.

ஆடுகள் வேலி தாண்டியதற்குக் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. பசியோடிருக்கும் ஆட்டை எந்த வேலியும் நெடுநாள் நிறுத்தாது.

புல்லை மட்டும் நம்பாதீர்கள். பாதியாவது மரத்தழையும் பயறுவகைத் தழையும் இருக்கட்டும். அகத்தி, மல்பெரி, வேலிமசால் போன்றவற்றை எல்லை ஓரமாக வரிசையாக நட்டால் தனி இடம் கேட்காது. முதல் ஆண்டு ஆட்டின் வாய்க்கு எட்டாமல் நடுவது முக்கியம். பட்டையை உரித்துவிட்டால் மரம் போய்விடும்.

கிடா ஆண்டுக்கு இரண்டு நாள் வேலைக்காகத் தினம் நான்கு கிலோ தின்கிறது. பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், 24 முதல் 36 மணி நேரம் நிற்கும். வாலை ஓயாமல் ஆட்டுவது, கத்துவது, பிறப்புறுப்பு சிவந்து கண்ணாடி போன்ற திரவம் வடிவது அடையாளம். அப்போது நோய்ப் பரிசோதனை செய்த கிடாவிடம் கொண்டுபோகலாம், அல்லது செயற்கைக் கருவூட்டலுக்கு ஏற்பாடு செய்யலாம். கிடாவை வைத்திருப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்டைக் குட்டி நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம், தகப்பனே சினையாக்கிவிடும். இரண்டு மாதக் குட்டிகளில் ஒன்று ஆண் என்றால் அதையும் மூன்று மாதத்துக்குள் பிரித்துவிடுங்கள்.

வேலி

தோட்டத்தைச் சுற்றி வேலி போடுவதைவிட ஆட்டைச் சுற்றிப் போடுங்கள். நாற்பதுக்கு இருபத்தைந்து அடித் தோட்டத்தைச் சுற்ற 130 அடி வலை வேண்டும். இருபதுக்குப் பதினைந்து அடி ஆட்டு முற்றத்துக்கு 70 அடி போதும். மிச்சமாகும் பணத்தில் தரமான வலை வாங்கலாம். உயரம் நான்கரை அடிக்குக் குறையக் கூடாது. கம்பம் எட்டடிக்கு ஒன்று, இரண்டடி மண்ணுக்குள். வலையின் கண் நான்கு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறு அங்குலக் கண்ணில் கொம்பாடு தலையை நுழைக்கும், கொம்பு தடுத்து வெளியே எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். குட்டி இருக்கும் வீட்டுக்கு இரண்டு அங்குலம் இன்னும் நல்லது. அடிப்பகுதியை வளைந்த ஆணிகளால் தரையோடு இறுக்குங்கள்.

கதவு முற்றத்துக்குள் திறக்க வேண்டும். ஆடு உள்ளிருந்து முட்டினால் கதவு மேலும் இறுகும். சாதாரணத் தாழ்ப்பாளை உதட்டாலேயே தள்ளித் திறந்துவிடும், ஆகவே சங்கிலியும் சுருள்வில் கொக்கியும் போடுங்கள். வேலியிலிருந்து ஐந்தடிக்குள் திண்ணை, விறகுக் குவியல், தீவனத் தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஏறித் தாண்டுவது அங்கிருந்துதான். ஏற ஆசைப்படும் பிராணிக்கு ஏற இடம் கொடுங்கள், முற்றத்தின் நடுவில் ஓர் உறுதியான மேடை போதும். கயிற்றில் கட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போவதை நான் ஆதரிக்கவில்லை. கழுத்து சுற்றிக்கொள்ளும், நாய் வந்தால் ஓட வழியில்லை.

கொட்டகையில் ஒரு பெட்டைக்கு 10 முதல் 12 சதுர அடி. தரையிலிருந்து மூன்றடி உயர்த்திய பரண் தளமாக இருந்தால் புழுக்கை கீழே விழுந்து மேலே உலர்ந்திருக்கும். பலகை இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் குட்டியின் கால் சிக்கும். தழையைத் தரையில் போடாமல் ஆட்டின் முகமட்டத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். மிதிபட்ட தழையை வெள்ளாடு தொடாது. தரையில் போட்டால் கணிசமான பங்கு வீண்தான். புழுவின் இளம் பருவமும் தரையையொட்டிய ஈரப்புல்லில்தான் காத்திருக்கும். தரையிலிருந்து அரையடிக்கு மேல் தின்னும் ஆட்டுக்குத் தொற்று மிகக் குறைவு. உங்கள் தாடை வீங்கிய ஆட்டுக்கு நிரந்தர வைத்தியம் இந்தத் தொங்கும் தழைதான்.

தோட்டத்திலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து தோட்டத்துக்கு

அறுவடை முடிந்த பயறுக் கொடி, மக்காச்சோளத் தட்டை, முட்டைக்கோஸின் வெளி இலை, வள்ளிக்கிழங்குக் கொடி எல்லாம் நல்ல தீவனம். புதிய எதையும் ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாகப் பழக்குங்கள். பனி ஈரத்தோடு பயறுத்தழையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு உப்பும். முதலில் கொஞ்சம் உலர்தீவனம், பிறகு இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் வாடவைத்த தழை. கொடுக்கவே கூடாதவை: அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி, வெண்ணெய்ப்பழ இலை, வாடாத மரவள்ளி இலை, முழங்கால் உயரம்கூட வளராத இளஞ்சோளப் பயிர். அரளியில் சில இலைகளே ஆட்டைக் கொன்றுவிடும். கொல்லையில் இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். கத்தரித்த அரளிக் கிளையைக்கூட ஆட்டுக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். தோட்டத்தில் மருந்து தெளித்திருந்தால் அதன் காத்திருப்புக் காலம் முடியும் வரை அந்தக் களையும் ஆட்டுக்கு ஆகாது.

மீந்த சமையலையும் தானியத்தையும் ஆசையாய் ஒரு கிண்ணம் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அதிகமான மாவுச்சத்து இரைப்பையில் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். ஆடு அசைபோடுவதை நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும். அடர்தீவன மூட்டையும் அரிசி, தானியப் பாத்திரமும் ஆடு திறக்க முடியாத அறையில் இருக்க வேண்டும்.

நாற்று கருகியதற்குக் காரணம் புழுக்கை என்பதைவிட, சிறுநீர் ஊறிய கூளம். அதிலுள்ள அமோனியாவும் உப்பும் இளவேரை எரித்துவிட்டன. பச்சையாகப் போட்டால் களை விதையும் முளைக்கும், நோய்க்கிருமியும் கீரையில் ஏறும். மட்காத எருவைப் போட்டால், மண்ணைத் தொட்டு விளையும் கீரை, கேரட் போன்றவற்றை அறுவடை செய்ய 120 நாளும், மண்ணில் படாத காய்களுக்கு 90 நாளும் இடைவெளி விடுவது இயற்கை வேளாண்மையில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கீரைக்கு அவ்வளவு காத்திருக்க முடியாது என்பதால் மட்கவைப்பதே வழி.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாத குவியல் போடுங்கள். அதற்குச் சிறியது சூடேறாது. ஒரு கூடை எருவுக்கு ஒன்று முதல் இரண்டு கூடை காய்ந்த சருகு. ஈரம், கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவு. இரும்புக் கம்பியை நடுவில் சொருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 55 டிகிரிக்கு மேல். அந்தச் சூடு 15 நாள் நீடிக்க, அதற்குள் ஐந்து முறை வெளிப்பக்கம் உள்ளே போகுமாறு புரட்டிப் போடுங்கள். சூடேறவில்லை என்றால் ஈரம் போதவில்லை, அல்லது சருகு கூடிவிட்டது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். பிறகு ஆறு வாரம் ஆறவிட்டு, சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ வீதம் மேல்மண்ணில் கலக்கலாம். உங்கள் 1,000 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு 230 கிலோ எரு வேண்டும். ஓர் ஆடு தினம் அரை முதல் ஒரு கிலோ வரை சாணமிடும். இரண்டு ஆடுகளின் எருவும் கூளமும் சருகும் சேர்ந்தாலே ஆண்டுக்கு ஒரு தடவைக்குத் தாராளம்.

சண்டையைப் பற்றி

இரண்டு பெட்டைகளுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேர வேலை இருக்கிறது. ஐந்து உருப்படிக்கு அது இரட்டிப்பாகும். ஆளில்லாத வேலைதான் வீட்டில் சண்டையாகிறது. “எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்” என்ற ஏற்பாட்டில் ஆட்டுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகும் நாள் நிச்சயம் வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும், அதைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.

காலை ஆறரைக்குக் கணவர் ஏழு கிலோ தழை அறுத்து நிழலில் பரப்பி, பால் கறந்துவிட்டுக் கிளம்பலாம். பத்து மணிக்கு வாடிய தழையைக் கட்டித் தொங்கவிடுவது மாமியார். முகமட்டத்தில் கொக்கி இருப்பதால் அவர் குனிய வேண்டியதில்லை. மாலையில் உலர்தீவனம் வைப்பதும் அவரே. ஆடு அசைபோடுகிறதா, ஒதுங்கி நிற்கிறதா என்று கவனிக்கும் கண் பெரும்பாலும் வீட்டில் மூத்தவருக்குத்தான் இருக்கும், அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை தொட்டியில் குறியிட்ட கோடு வரை தண்ணீர் நிரப்பலாம். ஓர் ஆட்டுக்கு மூன்று முதல் ஆறு லிட்டர், கறவைக்கு இன்னும் கூட. சருகு சேர்க்கலாம், விதை ஊன்றலாம். நான்கு வயதுப் பிள்ளை பெரியவர் கைப்பிடியில் மட்டும். எல்லாரும் கொட்டகைச் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே வீட்டுக்குள் வரவேண்டும். பரணுக்குக் கீழே கூட்டுவதும், ஆறெட்டு வாரத்துக்கொரு முறை குளம்பு வெட்டுவதும் விடுமுறை நாளில் கணவர். பாத்தி, நாற்று, நடவுத் திட்டம் உங்களுடையது. குனிந்து தூக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

குட்டியை விற்கும்போது பிள்ளைகள் அழுவார்கள். அது நியாயமான அழுகை. எது தங்கும், எது போகும் என்பதைக் குட்டி பிறந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிக்குப் போன நேரத்தில் விற்றுவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று சொல்லாதீர்கள்.

மாமியாரிடம் இதை மரியாதையோடு, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: ஒரு வயது முடியும் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் ஆகாது. அதில் ஃபோலேட் சத்து மிகக் குறைவு, அதையே நம்பி வளரும் சிசுவுக்கு இரத்தசோகை வரும். புரதமும் தாது உப்பும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அதிகம். தாய்ப்பால் போதவில்லை என்றால் குழந்தை மருத்துவர் சொல்லும் மாற்றுப் பாலைத்தான் கொடுக்க வேண்டும். பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆட்டுப்பால் மாற்று என்பதும் தவறு. இரண்டின் புரதமும் ஒத்திருப்பதால் அதே ஒவ்வாமை பெரும்பாலும் இதிலும் வரும். மற்றவர்கள் குடிக்கலாம், ஆனால் நன்கு காய்ச்சித்தான். புரூசெல்லா போன்ற கிருமிகள் பச்சைப் பாலில் வரும். கறக்கும்போது முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் மடிநோய், அந்தப் பால் யாருக்கும் வேண்டாம்.

உங்கள் பிரசவம் வரும்போது, இப்போது சினையாக இருக்கும் ஆடு ஈன்று இரண்டரை மாதம் ஆகியிருக்கும். அந்தக் காலத்தில் இரு வேளைக் கறவையை வைத்துக்கொள்ளாதீர்கள். குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆனதும் இரவில் மட்டும் தாயிடமிருந்து பிரித்து அடைத்து, காலையில் ஒரு வேளை கறந்துவிட்டு, பகல் முழுக்கத் தாயோடு விட்டுவிடலாம். கணவரால் ஒரு நாள் முடியாவிட்டாலும் இரவில் பிரிக்காமல் விட்டால் போதும், குட்டிகளே குடித்துவிடும். இன்னொரு ஆட்டின் தாடை வீக்கம் வடிந்து, இமை சிவந்து, உடல் தேறிய பிறகும் உடனே சினைக்கு விடாதீர்கள். உங்கள் பிரசவம் முடிந்து ஒரு மாதம் கழித்து விட்டால், அது ஈனும்போது உங்கள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். இரண்டு ஆடுகளின் ஈற்றும் ஏறத்தாழ எட்டரை மாத இடைவெளியில் அமைவதால் வீட்டில் பாலும் ஒரேயடியாக நிற்காது. அந்த ஈற்றிலும் கைக்குழந்தையைக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.